‘ஜீலி’ படத்துக்கு ஏன் இத்தனை திட்டு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென் அஃப்லெக்கும் ஜெனிஃபர் லோபஸும் ஜோடியாக நடித்த ‘ஜீலி’ 2003 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் வெளியானது. ஆள்கடத்தல், காதல், நகைச்சுவை மூன்றையும் ஒரே படத்தில் தர முயன்ற படம். ஹாலிவுட்டின் மிக மோசமான படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இன்றுவரை இதற்கு அதில் ஓர் இடம் இருக்கிறது. படத்தைப் பார்க்காதவர்கள்கூட அடித்துச் சொல்லும் தீர்ப்பு அது. அதில் எவ்வளவு படத்தைப் பற்றியது, எவ்வளவு அந்த இருவரைப் பற்றியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். இந்தப் படம் பற்றிப் பேச்சு வந்தாலே எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். கதையின் முடிவும் இதில் வரும்.

படத்தின் கதை என்ன?

லாரி ஜீலி (அஃப்லெக்) லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கும்பலுக்கு வேலை பார்க்கும் அடியாள். நியூயார்க் தாதா ஒருவர் வழக்கில் மாட்டியிருக்கிறார். வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞரைப் பணிய வைக்க, அவருடைய தம்பி பிரையனைக் கடத்தி வைத்துக்கொள்ளச் சொல்கிறார் ஜீலியின் மேலாள் லூயிஸ். பிரையன் அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞன். ஜீலி எங்கே சொதப்பிவிடுவானோ என்று அவனைக் கண்காணிக்க ரிக்கியையும் (லோபஸ்) அனுப்புகிறார்கள். ரிக்கி பெண்களை விரும்பும் பெண். அது தெரிந்தும் ஜீலிக்கு அவள்மேல் காதல் வருகிறது. மூன்று பேரும் ஒரே வீட்டில் அடைந்து கிடப்பதுதான் படத்தின் பெரும்பகுதி.

விமர்சகர்கள் அப்படி என்னதான் சொன்னார்கள்?

ஏறக்குறைய எல்லோரும் ஒரே குரலில் திட்டினார்கள். வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் ஜோ மோர்கன்ஸ்டெர்ன், புது நூற்றாண்டின் மிக மோசமான பெரிய படம் இதுதான் என்று எழுதினார். அப்போது நூற்றாண்டு தொடங்கி மூன்று வருடம்கூட ஆகியிருக்கவில்லை. விமர்சனங்களைத் திரட்டி மதிப்பெண் கணக்கிடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் படத்துக்கு 100-க்கு 18. அதேபோன்ற இன்னொரு தளமான ராட்டன் டொமேட்டோஸில் 6 சதவீதம்.

இந்த 6 சதவீதத்தைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். படத்துக்கு நூற்றுக்கு ஆறு மதிப்பெண் போட்டார்கள் என்று அர்த்தமில்லை. நூறு பேர் விமர்சனம் எழுதினால் அதில் ஆறு பேர்தான் பரவாயில்லை என்ற பக்கம் நின்றார்கள் என்று அர்த்தம். ‘சுமார்தான்’ என்று அலுத்துக்கொண்டு எழுதியவரும் ‘இதை எடுத்தவர்களைச் சும்மா விடக்கூடாது’ என்று கொதித்தவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். படம் எந்த அளவுக்கு மோசம் என்பதை அந்த எண்ணிலிருந்து எடுக்க முடியாது. எத்தனை பேர் ஒத்துப்போனார்கள் என்பதை மட்டும் எடுக்கலாம்.

விமர்சகர்களுக்குப் பிடிக்காவிட்டால் என்ன, ரசிகர்கள் பார்த்திருப்பார்களே?

பார்க்கவில்லை. முதல் நாள் பார்வையாளர்களிடம் தியேட்டர் வாசலிலேயே கருத்துக் கேட்டு மதிப்பிடும் சினிமாஸ்கோர் நிறுவனத்தில் படத்துக்குக் கிடைத்தது டி மைனஸ். காசு கொடுத்து, பிடிக்கும் என்று நம்பி முதல் நாளே வருகிறவர்கள் பொதுவாகத் தாராளமாகத்தான் மதிப்பெண் போடுவார்கள். அவர்களே கைவிட்டார்கள்.

சுமார் 7.5 கோடி டாலரில் எடுத்த படம். உலகம் முழுக்கச் சேர்த்து வசூலித்தது 73 லட்சம் டாலருக்குள். முதல் வாரக் கடைசியில் 2,215 தியேட்டர்களில் ஓடி 37.5 லட்சம் டாலர் வந்தது. அடுத்த வாரம் வசூல் 80 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. மூன்றாவது வாரத்தில் அமெரிக்கா முழுக்க 73 தியேட்டர்களில்தான் படம் மிச்சம் இருந்தது. நட்சத்திரங்களின் முகத்தை நம்பி எடுக்கும் படத்துக்கு விமர்சனம் ஒரு பொருட்டில்லை என்று சொல்வார்கள். அந்த முகங்களைப் பார்க்க முதல் நாள் கூட்டமே வராவிட்டால் அந்த வாதம் எடுபடாது.

படம் வருவதற்கு முன்பே எல்லோரும் அதை வெறுத்துவிட்டார்களா?

பெருமளவுக்கு ஆமாம். அஃப்லெக்கும் லோபஸும் இந்தப் படப்பிடிப்பில்தான் நெருக்கமானார்கள். 2002 நவம்பரில் நிச்சயதார்த்தம். ‘ஜென்னி ஃப்ரம் த பிளாக்’ பாடல் வீடியோவில் அஃப்லெக் வந்து போனார். அந்த ஒன்றரை வருடம் அமெரிக்க வார இதழ்களின் அட்டையைத் திருப்பினால் இவர்கள்தான்: ரோஜா நிற வைர மோதிரம், படகு, கார், கல்யாணத் தேதி. இருவர் பெயரையும் சேர்த்து ‘பென்னிஃபர்’ என்று ஒரே பெயராக்கிவிட்டார்கள்.

ஊருக்கே சலித்துப்போன நேரத்தில் படம் வந்தது. வெளியாவதற்கு முன்பே படம் தேறாது என்ற செய்தியும் கசிந்திருந்தது. ஆகவே 2003 ஆகஸ்ட்டில் பேனா எடுத்த பலர் படத்தை மட்டும் எழுதவில்லை, அந்த ஜோடிமேல் இருந்த எரிச்சலையும் சேர்த்துத்தான் எழுதினார்கள். அன்றைய விமர்சனங்களில் மோதிரமும் கல்யாணமும் எத்தனை இடத்தில் வருகின்றன என்று பார்த்தாலே தெரியும். இருவருடைய நடிப்பைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டிய இடத்தில் அவர்களுடைய காதலைப் பற்றி ஒரு கிண்டல் இருக்கும். படத்தைப் பிடிக்காமல் போவது விமர்சகரின் உரிமை. ஆனால் வாசகன் காசு கொடுப்பது படம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. அந்தக் கடமையில் அன்று பலர் தவறினார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

தயாரிப்பு நிறுவனம் படத்தைக் கெடுத்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

எழுதி இயக்கிய மார்ட்டின் பிரெஸ்ட் சாதாரண ஆள் கிடையாது. ‘பெவர்லி ஹில்ஸ் காப்’ (1984), ‘மிட்நைட் ரன்’ (1988), ‘சென்ட் ஆஃப் எ வுமன்’ (1992) எடுத்தவர். மூன்றாவது படத்தில்தான் அல் பசினோவுக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது, பிரெஸ்ட்டும் இயக்குநர் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார். இப்படிப்பட்டவர் திடீரென்று சினிமா மறந்துபோய்விடவில்லை.

அவர் எடுக்கக் கிளம்பியது இதைவிட இருண்ட ஒரு குற்றக் கதை. படப்பிடிப்பு முடிந்த பிறகு நாயகன் நாயகியின் காதல் பத்திரிகைகளை விற்றுத் தள்ளுவதைப் பார்த்த ஸ்டூடியோ, இவர்கள் இருவரையும் வைத்து ஒரு காதல் நகைச்சுவை வேண்டும் என்று பிடித்துக்கொண்டது. அஃப்லெக்கே 2022-இல் இதை வெளிப்படையாகச் சொன்னார். பிரெஸ்ட் நீண்ட காலம் வாய் திறக்கவில்லை. 2023-இல் வெரைட்டி இதழுக்குக் கொடுத்த பேட்டியில்தான், சண்டை முற்றி எட்டு மாதம் படத்தொகுப்பு வேலையே நின்றுபோனது என்றும், விலகுவதா, படத்தைச் சிதைப்பதற்கு உடன்படுவதா என்ற நிலையில் விலகாமல் இருந்துவிட்டதற்கு இன்றும் வருந்துவதாகவும் சொன்னார். பழியை ஸ்டூடியோ தலையில் மட்டும் போடவில்லை, தன் பங்கையும் ஏற்றுக்கொண்டார். இருபது வருடம் கழித்து அப்படிப் பேச ஒரு நேர்மை வேண்டும்.

அப்படியானால் இது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட நல்ல படமா?

இல்லை. படம் நிஜமாகவே உடைந்துதான் கிடக்கிறது. இரண்டு வெவ்வேறு படங்களை வெட்டி ஒட்டியதுபோல இருக்கிறது. ஒட்டிய இடம் கண்ணுக்கே தெரிகிறது.

ஓர் உதாரணம். ரிக்கியின் முன்னாள் காதலி அந்த வீட்டுக்கே தேடி வருகிறாள். திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சுகிறாள், ரிக்கி மறுக்கவே, அங்கேயே மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறாள். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பிரையனின் கட்டைவிரலை வெட்டி அனுப்பு என்று ஜீலிக்கு வந்த உத்தரவு இன்னொரு பக்கம் நிற்கிறது. அதற்கு மனசு வராமல் அவன் பிணவறைக்குள் புகுந்து, ஒரு பிணத்தின் விரலைப் பிளாஸ்டிக் கத்தியால் அறுத்து எடுக்கிறான். தற்கொலை முயற்சி, பிணம், கத்தி எல்லாம் ஒரே ஓட்டத்தில் வருகின்றன. இருண்ட படமாக இருந்தால் இது வயிற்றைப் பிசைந்திருக்கும். முழுக் கறுப்பு நகைச்சுவையாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். இங்கே இரண்டும் நடக்கவில்லை, ஏனென்றால் முன்னும் பின்னும் வரும் காட்சிகளில் நாயகனும் நாயகியும் செல்லமாகச் சீண்டிக்கொண்டிருக்கிறார்கள். சற்றுமுன் உயிருக்குப் போராடியவளைப் படம் அப்படியே மறந்துவிடுகிறது. பார்க்கிறவனுக்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

அப்புறம் வசனம். ஆளுக்கொரு பெரிய உரை. ஆணுறுப்பின் பெருமையைப் பற்றி ஜீலி பேசுகிறான், யோகா செய்துகொண்டே பெண்ணுறுப்பின் பெருமையைப் பற்றி ரிக்கி பதில் பேசுகிறாள். எழுத்தாளராகப் பிரெஸ்ட் அந்த வரிகளை ரசித்து ரசித்துச் செதுக்கியிருக்கிறார். ஆனால் அடுத்த அறையில் கடத்திக் கொண்டுவந்த ஒரு பையன் இருக்கிறான், விஷயம் கையை மீறினால் உயிர் போகும் என்ற பதற்றம் இருவர் பேச்சிலும் ஒரு துளிகூட இல்லை. குற்றக் கதையில் ஆபத்து போய்விட்டால் காதலுக்கும் பிடிமானம் போய்விடும். பிறகு மிச்சம் இருப்பது இரண்டு அழகான மனிதர்கள் சோபாவில் உட்கார்ந்து பேசுவதுதான்.

ரிக்கி பாத்திரத்தைப் பற்றி வந்த கண்டனங்கள் நியாயமா?

நியாயம்தான். சரியான ஆண் ஒருவன் வந்தால் தன்பாலீர்ப்பு உள்ள பெண்ணும் மனசு மாறிவிடுவாள் என்பது பழைய, சலிப்பான ஆண் கற்பனை. படம் அதைக் கேள்வி கேட்கத் தொடங்கி, கடைசியில் அதற்கே போய்ச் சரணடைகிறது. முதல் பாதியில் ரிக்கி தன்னைப் பற்றித் தெளிவாக, தயக்கமில்லாமல் பேசுகிறாள். லோபஸும் அந்த இடங்களை நன்றாகவே செய்திருக்கிறார். நடுவில் அவள் ‘இது வான்கோழி நேரம்’ (It's turkey time) என்று சொல்லி ஜீலியைப் படுக்கைக்கு அழைக்கும் காட்சிதான் படத்திலேயே அதிகம் கிண்டலுக்கு ஆளானது. பலர் அந்த வசனத்தைத்தான் குறை சொன்னார்கள். எனக்கு வசனத்தைவிட, அவள் ஏன் அந்த முடிவுக்கு வந்தாள் என்பதற்குப் படத்தில் ஒரு காட்சிகூட இல்லாததுதான் பெரிய குறை. ஜோடி சேர வேண்டும் என்று வெளியில் இருந்து யாரோ கேட்டதால் சேர்ந்ததுபோல இருக்கிறது.

பிரையனைக் காட்டிய விதம்?

பிரையனாக வந்த ஜஸ்டின் பார்த்தாவுக்கு இதுதான் முதல் பெரிய வேடம். பல விமர்சகர்கள் அந்தப் பாத்திரத்தை அருவருப்பு என்றே எழுதினார்கள். சிரிப்புக்காக அவன் திக்குவதையும் அடம்பிடிப்பதையும் பயன்படுத்தும் இடங்களில் அவர்கள் சொன்னது சரி. ஆனால் ஓர் இடத்தில் தூங்கப் போகும் முன் ஏதாவது படித்துக் காட்டு என்று பிரையன் கேட்கிறான். வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லை. ஜீலி தபாஸ்கோ சாஸ் பாட்டிலை எடுத்து அதன் லேபிளைப் படித்துக் காட்டுகிறான். அடியாள் ஒருவன் முதல் தடவையாக இன்னொருவனைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளும் காட்சி அது. பிரெஸ்ட் மனசில் இருந்த படம் எது என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

அல் பசினோவும் கிறிஸ்டோபர் வாக்கனும் இந்தப் படத்தில் என்ன செய்கிறார்கள்?

ஆளுக்கு ஒரே ஒரு காட்சி. வாக்கன் போலீஸ் அதிகாரியாக ஜீலியின் வீட்டுக்கு வந்து, காணாமல்போன பையனைப் பற்றி விசாரிக்கிறார். விசாரணை நடுவிலேயே ‘பை’ (pie) என்ற பலகாரமும் ஐஸ்கிரீமும் சாப்பிட வேண்டும்போல இருக்கிறது என்று சப்புக்கொட்டிக்கொண்டு பேசுவார். பேச்சு எங்கே போகிறது, அவருக்கு உண்மை தெரியுமா தெரியாதா என்று ஜீலியோடு நாமும் தவிப்போம். ஆபத்தும் சிரிப்பும் ஒன்றாகச் சேர்ந்து வரும் காட்சி அது. போய்விட்டுத் திரும்பி வரவே மாட்டார். கதையில் அந்த இழை அப்படியே அறுந்து தொங்கும்.

பசினோ தாதாவாகக் கடைசிப் பகுதியில் வருகிறார். கடத்தல் யோசனை எவ்வளவு முட்டாள்தனம் என்று பேசிக்கொண்டே லூயிஸைச் சுட்டுவிடுவார். அடுத்தது ஜீலியும் ரிக்கியும்தான் என்ற நிலையில் ரிக்கி பேசியே இருவர் உயிரையும் காப்பாற்றுவாள். படத்தைத் திட்டியவர்களில் சிலரும் இந்த இரண்டு காட்சிகளை ஒதுக்கிவைத்துப் பேசினார்கள்.

யாருமே ஆதரித்து எழுதவில்லையா?

பிரபல அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு இரண்டரை நட்சத்திரம் கொடுத்தார். படம் முழுசாகக் கைகூடவில்லை என்பதை அவரும் மறைக்கவில்லை. ஆனால் அந்த உறவைப் பற்றி வேறு மாதிரி, கொஞ்சம் துணிச்சலாக யோசிக்கப் பார்த்திருக்கிறது, நல்ல காட்சிகள் சில இருக்கின்றன, அதற்காகவாவது பார்க்கலாம் என்பதுபோல எழுதினார். பல மாதமாக ஊரே சிரித்துக்கொண்டிருந்த ஒரு படத்துக்கு உட்கார்ந்து காட்சி காட்சியாகக் கணக்குப் பார்த்தார். நான் அவரைவிடக் குறைவாகவே மதிப்பிடுவேன். இருந்தாலும் 2003-இல் வந்ததில் இன்றும் உதவுகிற விமர்சனம் அவருடையதுதான்.

ராஸி விருதுகள் எத்தனை?

ஆறு. மோசமான படைப்புகளுக்கென்றே தரப்படும் கோல்டன் ராஸ்பெரி விருதுகளில், 2004-இல் மோசமான படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை, திரை ஜோடி எல்லாம் இதற்கே போயின. முதல் ஐந்தையும் ஒரே படம் அள்ளியது அதுவே முதல் தடவை. அடுத்த வருடம், கடந்த 25 ஆண்டுகளின் மிக மோசமான நகைச்சுவைப் படம் என்று இன்னொன்றும் கொடுத்தார்கள். இந்த விருதுகளுக்கு நான் பெரிய மதிப்பு தருவதில்லை. ஏற்கெனவே அடிபட்டுக் கிடப்பவரைத் தேடிப்போய் அடிப்பதில் ரசனைக்கு என்ன வேலை?

லோபஸுக்கு இந்த வகைப் படம் வராதா?

வரும் என்பதற்குச் சாட்சி ஐந்து வருடம் முன்பே இருக்கிறது. ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய ‘அவுட் ஆஃப் சைட்’ (1998). எல்மோர் லெனர்டின் நாவல், ஜார்ஜ் க்ளூனி வங்கிக் கொள்ளையன், லோபஸ் ஃபெடரல் மார்ஷல், அதாவது தப்பியோடும் குற்றவாளிகளைப் பிடிக்கும் மத்திய அரசு அதிகாரி. சிறையிலிருந்து தப்பும் க்ளூனி, குறுக்கே வந்த லோபஸையும் இழுத்துக்கொண்டு காரின் டிக்கிக்குள் பதுங்குகிறான். சிவப்பு வெளிச்சத்தில் இருவரும் நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டு பழைய சினிமாக்களைப் பற்றிப் பேசுகிறார்கள். அவளுக்கு அவன்மேல் ஆசையும் இருக்கிறது, அவனைக் கைது செய்யவும் வேண்டும். காதலும் ஆபத்தும் ஒரே பேச்சில் ஓடுகின்றன. அமெரிக்கத் தேசியத் திரை விமர்சகர் சங்கம் அந்த வருடத்தின் சிறந்த படமாக அதைத் தேர்ந்தெடுத்தது. அங்கேயும் வசூல் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு படத்திலும் அதே நடிகை, ஏறக்குறைய அதே கலவை. ‘அவுட் ஆஃப் சைட்’டில் யார் பேசினாலும் எதையோ இழக்கும் நிலையில் பேசுகிறார்கள். ‘ஜீலி’யில் அது இல்லை.

பிறகு அவர்களுக்கெல்லாம் என்ன ஆனது?

பெரிய இழப்பு மார்ட்டின் பிரெஸ்ட்டுக்குத்தான். இந்தப் படத்துக்குப் பிறகு அவர் வேறெந்தப் படமும் இயக்கவில்லை. ‘மிட்நைட் ரன்’ எடுத்த கை அத்தோடு நின்றுபோனது எனக்கு இன்றும் வருத்தம்.

அஃப்லெக் சில வருடம் கேலிப்பொருளாக இருந்தார். பிறகு கேமராவுக்குப் பின்னால் போனார்: ‘கான் பேபி கான்’ (2007), ‘த டவுன்’ (2010), அப்புறம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய ‘ஆர்கோ’ (2012). ‘ஜீலி’ விழாமல் இருந்திருந்தால் இயக்கத்துக்கே வந்திருக்க மாட்டேன் என்ற கருத்தில் பிற்பாடு பேசியிருக்கிறார். லோபஸ் 2005-இல் ‘மான்ஸ்டர்-இன்-லா’ வெற்றியோடு எழுந்துவிட்டார். பார்த்தாவை ‘நேஷனல் ட்ரெஷர்’, ‘த ஹேங்ஓவர்’ படங்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

அந்த ஜோடி 2004 ஜனவரியில் பிரிந்தது. 2021-இல் மறுபடி சேர்ந்து, 2022-இல் கல்யாணம் செய்துகொண்டு, 2024-இல் விவாகரத்துக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் செய்திகளில் இந்தப் படத்தின் பெயரையும் இழுத்தார்கள்.

இயக்குநர் முதலில் எடுத்த வடிவம் எங்காவது பார்க்கக் கிடைக்குமா?

வெளியிடப்படவே இல்லை. நமக்குக் கிடைப்பது 2003-இல் தியேட்டருக்கு வந்ததுதான்.

இப்போது பார்க்கலாமா? எப்படிப் பார்ப்பது நல்லது?

சினிமா எழுதுவதிலும் தொகுப்பதிலும் ஆர்வம் உள்ளவர்கள் கட்டாயம் பார்க்கலாம். பொழுதுபோக்குக்கு என்றால் வேண்டாம், இரண்டு மணி நேரம் நீளமாகத் தெரியும். முதலில் ‘மிட்நைட் ரன்’ பாருங்கள். பிடித்து வைத்த ஆளும் பிடித்தவனும் ஒன்றாகவே கிடந்து மெல்ல மெல்ல ஒருவரையொருவர் மதிக்கத் தொடங்கும் கதையை இதே இயக்குநர் எவ்வளவு லாவகமாகச் செய்திருக்கிறார் என்று புரியும். அதற்குப் பிறகு ‘ஜீலி’யைப் போட்டால் வாக்கன் வரும் காட்சியையும் சாஸ் பாட்டில் காட்சியையும் நிறுத்தி இன்னொரு தடவை பாருங்கள். கடற்கரையில் பாட்டும் ஆட்டமுமாக எல்லோரையும் சேர்த்து வைக்கும் கடைசிப் பகுதி வரும்போது, அது யாருடைய படம் என்று நீங்களே முடிவு செய்யலாம்.